மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டுக்கு மாறும் முறை

புதிய கிராபிக்ஸ் கார்டைச் சரியாகப் பொருத்திவிட்டு, மானிட்டர் கேபிளை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் பலரும் செய்யும் பிழை. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து வரும் படம் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் உருவாக்குவது. ஆகவே கேபிள் அங்கேயே இருக்கும் வரை திரை கறுப்பாக இருக்கும். அல்லது படம் வந்தாலும் கேம்கள் முன்பு போலவே திணறும். கேபினட்டின் பின்புறம் யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை, அவற்றுக்குக் கீழே தனி வரிசையாக இருப்பவை கார்டுக்கு உரியவை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

கார்டை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 16எக்ஸ் ஸ்லாட் தன் வழியாக அதிகபட்சம் 75 வாட் மின்சாரத்தையே தரும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் பல வகைகள் அந்த 75 வாட்டிலேயே இயங்கிவிடும். 170 வாட் வரை இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 போன்றவற்றுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி இணைப்பு கட்டாயம் வேண்டும். ஆறு பின் (pin) இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டுப் பின் இணைப்பு 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்பிவிடாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். அங்கே 25 ஆம்பியர் என்றிருந்தால், பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது 300 வாட்தான். கேபினட்டோடு இலவசம் போல வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்களில் இந்த எண் ஏமாற்றம் தருவதுண்டு. பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பை எட்டுப் பின்னாக மாற்றித் தரும் இணைப்பு வயர்களையும், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கழற்றி மாட்டும் கேபிள்களையும் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னவை பொருந்துவது போலத் தோன்றினாலும் உள் இணைப்பு மாறியிருந்தால் கார்டே எரிந்துபோகலாம்.

அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் சிறிய கணினிகளை வாங்கியவர்கள் கார்டின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அவற்றில் குட்டையான லோ புரொஃபைல் கார்டுகள் மட்டுமே நுழையும்.

கார்டை விண்டோஸ் இயக்கத் தேவையான மென்பொருளான டிரைவரை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொண்டு, கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிய பின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, பின்புறத் தகட்டுமூடிகளைக் கழற்றி, பிராசஸருக்கு அருகில் உள்ள நீளமான ஸ்லாட்டில் கார்டை நேராக வைத்து, ஸ்லாட் முனையில் இருக்கும் கொக்கி 'டக்' என்று விழும் வரை சீராக அழுத்த வேண்டும். பிறகு ஸ்குரூவை முறுக்கி, தேவையானால் மின் இணைப்பையும் கொடுங்கள். பிராசஸருக்கான எட்டுப் பின் இணைப்பும் ஏறக்குறைய இதே வடிவில் இருப்பதால் அதை இங்கே திணித்துவிடக் கூடாது. கார்டுக்குரியது பெரும்பாலும் ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும்.

இனி மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டிக் கணினியை இயக்கலாம். பெரும்பாலான மதர்போர்டுகள் கார்டைத் தாமாகவே கண்டுகொள்ளும். படம் வரவில்லையானால் கேபிளைத் தற்காலிகமாக மதர்போர்டுக்கு மாற்றி, டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) செல்லுங்கள். அங்கே 'பிரைமரி டிஸ்ப்ளே' என்றோ அதையொத்த பெயரிலோ இருக்கும் அமைப்பில் 'ஐஜிஎஃப்எக்ஸ்' என்பது உள்கிராபிக்ஸ், 'பெக்' என்பது கார்டு. பின்னதைத் தேர்ந்து சேமியுங்கள். சில கணினிகளில் 'சிஎஸ்எம்' என்ற, கணினியைத் தொடங்கும் பழைய முறையை நிறுத்தினால்தான் கார்டு ஒத்துழைக்கும். ஆனால் விண்டோஸ், வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் நிறுவப்பட்டிருந்தால் சிஎஸ்எம்மை நிறுத்தியதும் விண்டோஸே தொடங்காது என்பதால், அதைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள்.

விண்டோஸ் வந்ததும் டிரைவரை நிறுவி, மறுதொடக்கம் செய்து, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கார்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்போர் டிஸ்ப்ளே அமைப்பிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாற்றத்துக்குப் பின் திரை புதுப்பிக்கப்படும் வேகம் 60 ஹெர்ட்ஸில் நின்றிருக்கக்கூடும்.

உள்கிராபிக்ஸை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது, அதற்கு அவசியமில்லை. கார்டு பொருத்தியதும் பல மதர்போர்டுகள் அதைத் தாமே நிறுத்திவிடுகின்றன. இன்டெல் பிராசஸர் வைத்து வீடியோ எடிட்டிங் செய்பவர்களோ, 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்ற பயாஸ் அமைப்பை இயக்கி அதை விழித்திருக்க வைத்தால், வீடியோவை விரைவாகக் கையாளும் இன்டெலின் குவிக் சிங்க் வசதியை எடிட்டிங் மென்பொருளில் தொடர்ந்து பயன்படுத்தலாம்.