வாசிப்பு வட்டத்துக்காக ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ நாவலை வாசிக்கும் முறை

கிரஹாம் கிரீனின் இந்த 1951ஆம் ஆண்டு நாவல் 1946 ஜனவரியில், லண்டனில் மழை கொட்டும் ஓர் இரவில் தொடங்குகிறது. தன்னைக் கைவிட்ட சாராவின் கணவன் ஹென்றியை எழுத்தாளன் பெண்ட்ரிக்ஸ் எதிர்பாராமல் சந்திக்கிறான்.

முதலில் ஒரு தாளில் கோடு போட்டு மூன்று காலங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: 1939 முதல் 1944 வரை நீடித்த காதல், 1946இன் தொடக்கம், பெண்ட்ரிக்ஸ் பின்னாளில் அமர்ந்து இதையெல்லாம் எழுதும் காலம். மூன்றும் சில நேரம் ஒரே பக்கத்தில் கலந்து வருவதால், அம்புக்குறி போட வசதியான பென்சிலையே நான் கேட்பேன். கைப்பேசிக் குறிப்புச் செயலி இதற்கு உதவாது.

அடுத்து, வெங்காயம் வரும் இடத்தைக் குறித்து வையுங்கள். உணவகத்தில் சாரா வெங்காயத்தை எடுக்க ஒரு கணம் தயங்குகிறாள். அந்த வாடை ஹென்றிக்குப் பிடிக்காது. அந்தத் தயக்கத்தில்தான் பெண்ட்ரிக்ஸ் அவள்மீது காதல் கொள்கிறான். பிறகு அந்தச் சொல்லே கடிதங்களில் அவர்களின் காதலுக்கு மறைபெயராகிறது.

நிதானிக்க வேண்டிய படி 1944 ஜூன் இரவு. வி-1 என்ற ஜெர்மனியின் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் விழத் தொடங்கிய அந்த இரவில், வெடிப்பில் சிக்கிக் கதவுக்கு அடியில் கிடந்த பெண்ட்ரிக்ஸ் எழுந்து மாடிக்கு வரும்போது, சாரா மண்டியிட்டிருக்கிறாள். அத்துடன் உறவு முறிகிறது. அவள் ஏன் பிரிந்தாள் என்ற உங்கள் ஊகத்தை, மூன்றாம் பாகத்தைத் திறப்பதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள், பிறகு திருத்தாதீர்கள். பெண்ட்ரிக்ஸ் அமர்த்திய துப்பறிவாளர் பார்க்கிஸ் எடுத்து வந்த அவளது நாட்குறிப்பு, பெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டதாக நினைத்து அவள் கடவுளிடம் செய்த பொருத்தனையைச் சொல்கிறது: அவன் பிழைத்தால் அவனை விட்டுவிடுவேன். இரு விவரிப்புகளையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பொறாமையை மட்டும் நம்பி எழுதுகிறவன் எதையெல்லாம் பார்க்கத் தவறினான் என்பதிலிருந்தே கலந்துரையாடலைத் தொடங்கலாம். மதத்திலிருந்து தொடங்கினால் பேச்சு நம்பிக்கையாளர், மறுப்பாளர் என்று பிரிந்து காதலை மறந்துவிடும்.

பிற்சேர்க்கை: நாத்திகர் ஸ்மைத்தின் முகத்தில் இருப்பது பிறவி மச்சமா, தோல் நோயா என்று வட்டத்தில் வாக்குவாதம் வரக்கூடும். அது குணமாகும் அற்புதம் மிகையாகிவிட்டதாகக் கருதிய கிரீன், பிந்தைய பதிப்பில் மச்சத்தை மன உளைச்சலாலும் வரக்கூடிய தோல் நோயாக மாற்றினார். ஆகவே எல்லோரும் ஒரே பதிப்பையே வாங்குங்கள். பழைய பிரதி வைத்திருப்பவர் அதை முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.