நாகர்கோவில் ஈரத்துக்குத் தாங்குகிற பசுமை ஸ்டைல்

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பசுமைக்கு மாறினேன். மாறினேன் என்றால், ராத்திரி பதினொரு மணிக்குப் போனைத் தடவி மூங்கில் டூத் பிரஷ் நாலு, பனையோலை மூடிப்பெட்டி ஒன்று, சணல் பை ரெண்டு ஆர்டர் போட்டேன் என்று அர்த்தம். வந்தது அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, நடுவில் குமிழி வைத்த பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றையும் சுற்றி டேப். பனையும் கருப்பட்டியுமாக இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பனையோலைப் பெட்டி எங்கிருந்தோ லாரியேறி வந்ததில் எனக்கே கொஞ்சம் வெட்கம்தான். அது ஆனி மாதம். ரெண்டே வாரத்தில் பிரஷ்ஷின் அடிப்பக்கம் கறுத்தது, பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்தது, சணல் பையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பசுமை வாழ்க்கைக்கு ஊரெல்லாம் சொல்கிற யோசனைகள் நம்ம ஊர் ஈரத்தைப் பார்க்காதவர்கள் சொன்னவை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல் உப்பு. இங்கே ஒரு பொருள் மண்ணில் மக்குமா என்று கேட்பதற்கு முன்னால், அலமாரியில் இருக்கும்போதே மக்கிவிடுமா என்று கேட்க வேண்டும். மக்கினால் இன்னொன்று வாங்குவோம், அப்புறம் என்ன பசுமை? ஆகவே நான் இப்போது வாங்குவதை விட்டுவிட்டு, இருப்பதைப் பேணுவதில் இறங்கியிருக்கிறேன். நன்றாகப் பேணிய பழைய பொருளுக்கு ஒரு களை வந்துவிடும், அதைத்தான் ஸ்டைல் என்கிறேன். நாகர்கோவிலில் வாடகை மாடிவீட்டில் இருந்துகொண்டு பழகியவை இவை. சொந்த வீடும் தோட்டமும் உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம்.

துணியிலிருந்து தொடங்குங்கள்

ஆறு மாதத்துக்குத் துணிக்கடைப் பக்கம் போகாதீர்கள். ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. பாலியெஸ்டருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம், ஆனால் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும்; அது சாக்கடை வழியாகப் பழையாற்றுக்கும், அங்கிருந்து மணக்குடிக் காயலுக்கும் போனால், அப்புறம் நாம் ஆசையாக வாங்குகிற சாளை மீனுக்குள்ளும் வரும். எதை வாங்கினாலும் ஒரு கணக்கு உண்டு. அதனால் இருக்கிற பத்துச் சட்டையை எடுத்துத் தெருமுனை டெய்லரிடம் போங்கள். தோளையும் பக்கவாட்டையும் பிடிக்கச் சொல்லுங்கள், நைந்த காலரைத் திருப்பித் தைக்கச் சொல்லுங்கள், பட்டன் எல்லாம் ஒரே நிறத்தில் மாற்றச் சொல்லுங்கள். உடம்பில் சரியாக உட்கார்ந்த பழைய சட்டையைப் பார்த்து "புதுசா?" என்று கேட்பார்கள். எனக்கு இதுவரை ஒரே சட்டைக்கு மூன்று தடவை கேட்டாகிவிட்டது.

துவைப்பதைவிட இங்கே காயவைப்பதுதான் வேலை. ஈரம் போகாமல் மடித்த துணியின் மக்கின வாசனையை எந்த சென்ட்டும் மறைக்காது. துணியை நன்றாகப் பிழிந்து, ஹேங்கரில் போட்டு, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி விட்டு, எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் திறந்துவையுங்கள். ஆனி ஆடியில் வெயில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுகிற காற்று முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றுகிறது, உங்கள் நாலு சட்டையைக் காயவைக்காதா? கூரை போட்ட மொட்டைமாடியில் கொடி கட்டினால் போதும். கிளிப் மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய் துணியைக் கேட்டு வாங்கி வர வேண்டும்.

வேட்டியும் கைத்தறிச் சேலையும் கட்டுகிறவர்கள் கஞ்சி போடத் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்பிரே டப்பாவெல்லாம் வேண்டாம். ஆனால் நம்ம வீட்டில் வடிக்கிற சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சியை வெள்ளை வேட்டிக்குப் போட்டால் லேசாகச் சிவப்பேறிவிடும் (நான் போட்டுப் பார்த்தவன்). பச்சரிசிக் கஞ்சியோ, ஜவ்வரிசி காய்ச்சி வடிகட்டிய கஞ்சியோ நல்லது. ஒரு வேட்டிக்கு ரெண்டு ஸ்பூன் ஜவ்வரிசி தாராளம். கட்டியில்லாமல் காய்ச்சி, அரை வாளித் தண்ணீரில் கலந்து, துணியை முக்கிப் பிழிந்து, முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். கட்டப்போகிற வாரத்துக்கு மட்டும் கஞ்சி போடுங்கள். கஞ்சித் துணியை ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் பூட்டிவைத்தால் பூசணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பந்தி போட்ட மாதிரி ஆகிவிடும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம் திறந்துவையுங்கள். பூச்சி உருண்டைக்குப் பதிலாக நான் கிராம்பு வைக்கிறேன். மாறாமலை, வீரப்புலி மலைகளில் விளைகிற கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வேட்டித் துணியில் பத்துப் பதினைந்து கிராம்பை முடிந்து தட்டுக்கு ஒன்றாகப் போட்டால், சட்டையை எடுக்கும்போதே லேசான மணம் வரும், அதற்காகவே செய்யலாம். ஈரத்தை இது உறிஞ்சாது, அதற்குக் காற்றோட்டம்தான் வழி.

புதுசு வாங்கியே ஆக வேண்டுமென்றால் கைத்தறி வாங்குங்கள். வடசேரிப் பக்கம் நெசவுக்குப் பழைய பேர் உண்டு. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடையில் பண்டிகை நேரத்தில் தள்ளுபடியும் தருகிறார்கள்.

சமையலறையில் துருவோடு ஒரு சண்டை

ஸ்டீல் என்றால் எல்லாம் ஸ்டீல் இல்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் வாங்கும்போது 304 ரகமா என்று கேளுங்கள், நல்ல பாத்திரத்தில் அடியில் அச்சடித்திருக்கும். விலை குறைந்த 202 ரகம் உப்புக்காற்றில் சீக்கிரமே பொட்டுப்பொட்டாகப் பழுப்பேறும். காந்தம் வைத்துப் பார்க்கிற வித்தை இங்கே செல்லாது, ரெண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இரும்பு தோசைக்கல்லைக் கழுவியதும் துடைத்தால் மட்டும் போதாது. அடுப்பில் ஒரு நிமிஷம் வைத்து ஈரம் போக்கி, நல்லெண்ணெய் தொட்டுத் தடவி வையுங்கள்.

சிரட்டை அகப்பை அழகான பொருள், விலையும் கம்மி. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள், கழுவினவுடன் ஜன்னல் ஓரம் தொங்கவிடுங்கள், மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். ஆறு மாதத்தில் கறுத்து மினுங்கும், நாலைந்தைச் சேர்த்து வரிசையாகத் தொங்கவிட்டால் சுவருக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. பாத்திரம் தேய்க்கத் தேங்காய்க் கதம்பையிலிருந்து உரித்த தும்பு, இல்லாவிட்டால் காய்ந்த பீர்க்கங்கூடு. பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டூத் பிரஷ் விஷயத்தில் நான் கடைப் பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்கே திரும்பிவிட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். மூங்கில் பிரஷ்ஷிலும் தேய்க்கிற நார் பெரும்பாலும் நைலான்தான். தேய்ந்த பிரஷ்ஷை வைத்துக் குழாய் மூலையையும் கொலுசையும் தேய்க்கலாம்.

பையும் சம்படமும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பைக்கான இயக்கத்தை அரசே தொடங்கியது. ஆனாலும் வடசேரி கனகமூலம் சந்தையில் ஒரு நடை நடந்து பாருங்கள், கவர் கேட்டால் எங்கிருந்தோ வரும். குறை சொல்லிப் பலனில்லை, நம்ம கையில் பை இருந்தால் கேள்வியே வராது.

பையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கிழியாத ஒரு பழைய பருத்திச் சேலையில் பத்துப் பைக்குக் குறையாமல் வரும். கைப்பிடியைப் பையின் வாயோடு நிறுத்தாமல் அடிவரை ஓட்டித் தைக்கச் சொல்லுங்கள், ஐந்து கிலோ மரச்சீனிக் கிழங்கைப் போட்டாலும் பிய்யாது. முந்தானைப் பகுதியை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்தால் ஆபீசுக்கே எடுத்துப் போகலாம், எங்கள் ஆபீசில் ரெண்டு பேர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். வண்டிப் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, வாசல் ஆணியில் ஒன்று. ஒரே இடத்தில் பத்தும் இருந்தால் சந்தையில் நிற்கும்போது ஒன்றும் இருக்காது.

மீன்தான் பலருக்குத் தடங்கல். மூடி இறுக்கமான ஸ்டீல் சம்படம் ஒன்றை மீனுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். முதல் நாள் மீன்கார அக்கா "கவரு வேண்டாமா மக்களே?" என்று ஏற இறங்கப் பார்ப்பார், மூன்றாம் நாள் உங்களைக் கண்டதுமே சம்படத்துக்குக் கை நீட்டுவார். எடை போட்ட பிறகு சம்படத்தில் போடச் சொல்லுங்கள், எடையில் தகராறு வராது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, புளித்தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்தே காயவையுங்கள்.

டீக்கடையில் பேப்பர் கப்பை நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. சூடான டீ ஒழுகாமல் இருக்க அதற்குள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, 2019 தடையில் அந்தக் கப்பும் சேர்த்திதான். "அண்ணே, கிளாஸ்ல தாங்க" என்று கேட்டால் போதும், பெரும்பாலான கடையில் இருக்கும். டீயும் கிளாஸில்தான் ருசி.

குப்பை

நகரத்துக் குப்பை வலம்புரிவிளை கிடங்கில் மலையாகக் கிடக்கிறது, அதில் நம் பங்கைப் பாதியாவது குறைக்கலாம். மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி ரெண்டு எடுத்துக் கழுவி, அடியிலும் பக்கத்திலும் சூடான கம்பியால் முப்பது ஓட்டை போடுங்கள். அடியில் ரெண்டு அங்குலத்துக்குத் தென்னந்தும்புத் தூள், அதன்மேல் காய்கறித் தோல், ஏத்தன் பழத் தோல், டீத்தூள், திரும்பவும் ஒரு கை தும்புத்தூள். எழுதி வைக்கிறவர்கள் எல்லாம் தண்ணீர் தெளி, தண்ணீர் தெளி என்பார்கள்; நம்ம ஊரில் மாசி பங்குனி தவிரத் தெளிக்கவே வேண்டாம், மழைக்காலத்தில் தும்புத்தூளை ரெண்டு மடங்காகப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், கிளறிவிட்டுத் தூள் சேருங்கள். வாளி நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளியைத் தொடங்குங்கள், ரெண்டு மாதத்தில் முதல் வாளி கறுப்பு மண்ணாகியிருக்கும்.

மீன் கழிவை அதில் போடாதீர்கள், பூனை வாளியையே உருட்டிவிடும். செடி வைத்திருந்தால், மீன் குடலும் செவுளும் எவ்வளவோ அதே எடைக்கு வெல்லம் கலந்து, மூடிய டப்பாவில் இருபத்தொரு நாள் விட்டு வடித்தால் மீன் அமிலம் ரெடி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் போதும். டப்பாவை நிறைக்காமல் கால்வாசி இடம் விடுங்கள். எனக்கு ஒருமுறை மூடி தெறித்தது, அன்று முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கரண்டும் போக்குவரத்தும்

ஏசி வாங்கும் முன் பழைய மின்விசிறியை மாற்றுங்கள். பழையது 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த புது வகை 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் மாதம் இருபது யூனிட் மிச்சம். ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. ஊருக்குள் போய்வர டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட்டும் இல்லை. குடை மட்டும் நல்ல கம்பிக் குடையாக வைத்துக்கொள்ளுங்கள், ஆடிக் காற்றில் மடக்குக் குடை மூன்றாம் நாளே மேலே பார்த்துவிடும்.

வீட்டில் விசேஷம் வந்தால்

தெர்மாகோல் எழுத்தும் பிளாஸ்டிக் பூவும் வேண்டாம், பூச்சந்தைக்குப் பேர் போன தோவாளை பக்கத்தில் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? அரளிப் பூவை மணி மணியாக மடித்து நொச்சி இலையோடு கட்டுகிற மாணிக்கமாலையை வாசலுக்கு ஒன்று சொன்னாலே போதும், மீதிக்குக் குருத்தோலைத் தோரணமும் குலைவாழையும். மறுநாள் எல்லாமே வாளிக்குள் போய்விடும், நூலை மட்டும் பிரித்தெடுங்கள். சாப்பாடு எப்படியும் வாழையிலையில்தான், தண்ணீர் பாட்டில்தான் குப்பையாகக் குவிகிறது. அதற்குப் பாத்திரக்கடையில் ஸ்டீல் டம்ளரையும் ஜக்கையும் வாடகைக்கு எடுங்கள். திருப்பி எண்ணி வாங்க ஒரு ஆளைக் கட்டாயம் நிறுத்துங்கள். எங்கள் வீட்டு விசேஷத்தில் பதினொரு டம்ளர் குறைந்தது, காசு கட்டினோம். அதில் நாலு போன மாதம் சித்தி வீட்டு அலமாரியில் இருக்கக் கண்டேன்.