வெளிறும் முருகைக்கல்லைக் காகிதத்தில் வடித்தல்

பழைய கொப்பித் தாள்களைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்து, கூழாக அரைத்து, அதில் மஞ்சள்தூளைக் கலந்துகொள்ளுங்கள். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய நுளம்பு வலையால் கூழை அள்ளி, பருத்தித் துணியின்மேல் கவிழ்த்து, ஈரத்தை ஒற்றியெடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தாள் தானாகக் காயுமென்று விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் (வெள்ளவத்தையில் நான் செய்த முதல் தாள்கள் அப்படித்தான் வீணாயின). ஆகவே மின்விசிறியின் கீழ் உலர்த்துவதே நல்லது. காய்ந்ததும் விரலகலக் கீற்றுகளாக வெட்டி, முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) வடிவில், மான்கொம்பைப் போலக் கிளைபிரித்து ஒட்டுங்கள்.

வெயில் படும் யன்னலோரம் வைத்தால் மஞ்சள் நிறம் நாளடைவில் தானாகவே மங்கும்; கடலில் முருகைக்கல் நிறமிழந்து வெளிறுவதைப் போல. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் கூடி வாரக்கணக்கில் நீடிக்கும்போது, தமக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகளை முருகை உயிரிகள் வெளியேற்றிவிடுகின்றன. 1998இல் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையின் முருகைப் பார்கள் வெளிறியதும் அவ்வாறே.