டியூட்டி பெல்ட்டை உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

போலீஸ் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதத்தில் என் இடது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனது. கிள்ளினால் வேறு யாருடைய தொடையையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். நாள் முழுக்க ரோந்து வண்டியில் உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "பெல்ட்டை எங்கே கட்டுவீர்கள், காட்டுங்கள்" என்பதுதான். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறதாம். இறுக்கமான பெல்ட் அதை அமுக்கினால் இப்படி மரத்துப்போகும், சிலருக்கு எரியும். மெரால்ஜியா பாரஸ்தெடிக்கா என்று பெயர். மாத்திரை எழுதவில்லை. துப்பாக்கி, கைவிலங்கு எல்லாம் தொங்கும் அந்த டியூட்டி பெல்ட்டை மாற்றச் சொன்னார்.

மாற்றினேன், மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் அளவு தப்பு. அந்தக் கூத்து உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். துறையில் கொடுக்கும் சாமான்களைத்தான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தால் விதிதான் முதல். எதையெல்லாம் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

படி 1: எடை போடுங்கள்

பெல்ட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுத் தராசில் வையுங்கள். கைத்துப்பாக்கி, இரண்டு மேகசின் (தோட்டா அடுக்கிய பெட்டி), கைவிலங்கு, வாக்கிடாக்கி, லத்தி, பெப்பர் ஸ்பிரே, டார்ச், கையுறை, ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே, சாவிக்கொத்து எல்லாம் சேர்ந்தால் 7 முதல் 9 கிலோ சாதாரணமாக வரும். எனக்கு 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் இரண்டாவது டார்ச் ஒன்று இருந்தது. எதற்கு வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. சாவிக்கொத்தில் பாதி, எப்போதோ காலிசெய்த வீட்டுச் சாவிகள். இரண்டையும் எடுத்ததில் மட்டும் கால் கிலோவுக்கு மேல் குறைந்தது.

படி 2: அளவு எடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேன்ட் லேபிளில் 34 என்று போட்டிருக்கிறது, பெல்ட்டும் 34 வாங்கினால் போதும் என்று நினைத்தேன். பேன்ட்டின் லேபிள் எண்ணும் இடுப்பின் நிஜச் சுற்றளவும் பல நேரம் ஒத்துப்போகாது. அதோடு டியூட்டி பெல்ட் உடம்பின் மேல் உட்காருவதில்லை. சட்டை, அதன் மேல் பேன்ட், அதன் மேல் பேன்ட் லூப்பில் போகும் உள் பெல்ட், இத்தனைக்கும் மேல்தான் அது வருகிறது. ஒவ்வோர் அடுக்கும் சுற்றளவைக் கூட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உள் பெல்ட்டின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவில் கூடுவது 6 அல்ல, அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். நான் 34 வாங்கிக் கடைசி ஓட்டையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிய பெல்ட்டும் அதே நரம்பை அமுக்கியது.

இரண்டாவது தடவை உஷாராகிவிட்டதாக நினைப்பு. டேப்பால் அளந்து, 38 வந்ததால் 38 வாங்கினேன். அந்தத் தயாரிப்பாளரோ பேன்ட் அளவைத்தான் லேபிளில் போடுகிறவர். அடுக்குகளுக்கான கூடுதல் நீளத்தை அவரே சேர்த்துவிடுகிறார். வந்த பெல்ட் இரண்டு அங்குலம் அதிக நீளம். மிஞ்சிய வால் மேகசின் பவுச்சுக்கு அடியில் மடிந்து, பவுச் யானைக் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஆகவே இப்படி அளங்கள். முழுச் சீருடை போட்டுக்கொள்ளுங்கள். குண்டு துளைக்காத உள்கவசம் போடுகிறவர் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். உள் பெல்ட்டைக் கட்டுங்கள். தையல் டேப்பை அதன் மேலேயே சுற்றி, நின்று ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை அளங்கள். உட்கார்ந்தால் வயிறு விரியும், எண் கூடும். அந்தப் பெரிய எண்தான் உங்கள் எண். அப்புறம் தயாரிப்பாளரின் அளவு அட்டவணையைத் திறந்து, அவர் கேட்பது பேன்ட் அளவா நிஜச் சுற்றளவா என்று பாருங்கள். இந்த ஒரு வரியைப் படிக்காததால்தான் எனக்கு ஒரு பெல்ட் காசு போனது. ஓட்டை வைத்த பெல்ட்டாக இருந்தால் உங்கள் எண் நடு ஓட்டையில் விழ வேண்டும். குளிர்காலத்துக்கு ஒரு பக்கம், இளைத்தால் மறுபக்கம்.

படி 3: பெல்ட்

உள், வெளி என்று இரண்டு துண்டாக வருவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். உள் பெல்ட் 1.5 அங்குல அகலம், பேன்ட் லூப்பில் போகும். வெளி பெல்ட் 2.25 அங்குலம், வெல்க்ரோவால் அதன் மேல் ஒட்டும். எடை முழுக்கப் பேன்ட் லூப்பில் தொங்காமல் இடுப்பைச் சுற்றிப் பரவும்; ஓடும்போதும் நழுவாது. ஒற்றை பெல்ட் நழுவும், நழுவாமல் இருக்க நாம் இறுக்குவோம், இறுக்கினால் மறுபடி நரம்பு.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்குங்கள். சுலபமாக முறுகினால் அங்கேயே வைத்துவிடுங்கள். நடுவில் கெட்டியான பாலிமர் பட்டை இல்லாத பெல்ட், துப்பாக்கி தொங்கும் இடத்தில் வெளிப்பக்கம் சாயும். சாய்ந்தால் எடை முழுவதும் பெல்ட்டின் கீழ் விளிம்பில் இறங்கி, அந்த விளிம்பு இடுப்பெலும்பை அறுக்கும்.

தோலா, நைலானா? தோல் பார்க்க அழகு, காலப்போக்கில் உடம்புக்கு ஏற்ப வளையும். ஆனால் வியர்வையைக் குடிக்கும், ரத்தம் பட்டால் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. நனைந்த தோலை ஹீட்டர் பக்கத்திலோ வெயிலிலோ காயவைத்தால் வெடித்துவிடும். பித்தளைத் தோட்டாவைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் விட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். நைலான் லேசு, சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ஆனால் ஓரம் பிசிறு விடும், சில வருஷத்தில் தொளதொளத்துவிடும். என் ஓட்டு மூன்றாவது ரகத்துக்கு: தோல் மாதிரி தோற்றம், உள்ளே பல அடுக்குச் செயற்கைப் பொருள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். அணிவகுப்புக்குத் தோல் பெல்ட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தினசரி அடிதடிக்கு அது வேண்டாம்.

பக்கிளில் மூன்று இடத்தில் அமுக்கினால்தான் கழலும் ரகம் வாங்குங்கள். இரண்டு இடத்தில் அமுக்கிக் கழற்றும் ரகம் மல்லுக்கட்டில் கழன்றுகொள்ளும். எனக்கு ஒரு தடவை வண்டிக் கதவு இடித்தே கழன்றது.

படி 4: எது எங்கே

பெல்ட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், பக்கிள் 12 மணி. வலக்கைக்காரருக்குத் துப்பாக்கி 3 மணியில். சரியாக 6 மணியில், அதாவது முதுகுத்தண்டுக்கு நேர் பின்னால், கெட்டியான எதையும் வைக்காதீர்கள். கைவிலங்கை அங்கே வைப்பது பழைய பழக்கம். மல்லாக்க விழுந்தால் அந்த இரும்பு நேராகத் தண்டில் இடிக்கும். விழாவிட்டாலும் வண்டி சீட்டில் உங்களை நாள் முழுக்க முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். வைத்தே தீர வேண்டுமானால் கையுறை பவுச் மட்டும்.

மின்னதிர்ச்சி கொடுத்து ஆளை முடக்கும் டேசர் இருந்தால் துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம். இதில் பேச்சே இல்லை. 2021இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் "டேசர்" என்று கத்திக்கொண்டே கைத்துப்பாக்கியைச் சுட்டார். ஓர் இளைஞர் இறந்தார். பதற்றத்தில் கை தானாகப் பழக்கப்பட்ட இடத்துக்குப் போகும். எதிர்ப்பக்கம் வைத்தால் மட்டும் தப்பு நடக்காது என்றில்லை, அந்த அதிகாரியும் எதிர்ப்பக்கம்தான் வைத்திருந்தார். அதனால் வைத்த இடத்திலிருந்து எடுத்துப் பழகுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகும்போது துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பாருங்கள்.

டூர்னிகே இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில், முன்பக்கமாக. அடிபடப் போவது எந்தக் கை என்று முன்கூட்டித் தெரியாது. மேகசின் பவுச்சைப் படுக்கைவாட்டில் வைத்தால் குனியும்போது வயிற்றில் குத்தாது. தொடை மரத்தவர்கள் முன் இடுப்பெலும்பின் மேல், தோராயமாக 10 மணிக்கும் 2 மணிக்கும், ஒன்றும் வைக்காமல் விட்டுப் பாருங்கள். எனக்கு மூன்றே வாரத்தில் உணர்ச்சி திரும்பியது. திரும்பாவிட்டால் டாக்டரிடம் போங்கள். என் பதிவைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 5: துப்பாக்கி உறை

காசை இதில் போடுங்கள், மற்றதில் மிச்சம் பிடியுங்கள். லெவல் 1, 2, 3 என்று போட்டிருப்பது துப்பாக்கியைப் பிறர் பிடுங்காமல் தடுக்கும் பூட்டுகளைக் குறிக்கும். எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை, அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கையில் எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது சஃபாரிலேண்ட் கம்பெனியின் ஏஎல்எஸ் பூட்டு. துப்பாக்கியை உள்ளே விட்டாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், கட்டைவிரலால் நெம்பி எடுக்கலாம். பட்டன் பட்டையை நாமே போட வேண்டிய ரகத்தில், போட மறக்கிற நாள் ஒன்று வரும். டார்ச் பொருத்திய துப்பாக்கிக்கு அந்த டார்ச்சுக்கே செய்த உறை வேண்டும். இருக்கிற உறையில் திணிக்காதீர்கள்.

படி 6: கீப்பர்

இரண்டு பெல்ட்டையும் சேர்த்துக் கட்டும் சின்னப் பட்டைகள். குறைந்தது நான்கு. இரண்டை உறையின் இருபுறமும் ஒட்டிப் போடுங்கள். அவ்வளவுதான்.

படி 7: உட்காருங்கள்

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியில் ஏறி, சீட் பெல்ட் போட்டு, அரை மணி நேரம் உட்காருங்கள். சீட் பெல்ட்டின் கொக்கி உறைக்கு அடியில் மாட்டுகிறதா? வாக்கிடாக்கி விலாவில் இடிக்கிறதா? லத்தி சீட்டில் மோதிப் பெல்ட்டை மேலே தூக்குகிறதா? எங்கே குத்துகிறதோ அந்தப் பொருளை அரை அங்குலம் நகர்த்தி மறுபடி உட்காருங்கள். அரை அங்குலம்தான், ஒரேயடியாக இடம் மாற்றினால் கை பழகியது எல்லாம் வீணாகும். எனக்கு இதற்கு நான்கு நாள் பிடித்தது. இறங்கியதும் குந்தி எழுந்து, ஒரு நூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். சலங்கை கட்டின மாதிரி சத்தம் வந்தால் சாவியும் கைவிலங்கும்தான் காரணம். மூடிய பவுச்சுக்கு மாற்றுங்கள்.

படித்தவர்கள் கேட்டதால் பின்னால் சேர்த்தவை

"உள் பெல்ட் ஒரு கம்பெனி, வெளி பெல்ட் இன்னொரு கம்பெனி வாங்கினேன், ஒட்டவே இல்லை" என்று இருவர் எழுதினார்கள். வெல்க்ரோவில் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் மெத்து. சிலர் கொக்கியை உள் பெல்ட்டில் வைப்பார்கள், சிலர் வெளி பெல்ட்டில். மெத்தோடு மெத்து சேர்ந்தால் எப்படி ஒட்டும்? ஜோடியாகவே வாங்குங்கள். முன்பு ஒட்டியது இப்போது ஒட்டவில்லை என்றால் கொக்கிக்குள் நூலும் முடியும் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

எடை தாங்கவில்லை, தோள்பட்டை வாரோ சுமை தாங்கும் உடுப்போ போடலாமா என்று கேட்டார்கள். துறை அனுமதித்தால் தாராளமாக. தோளுக்கு எடையை மாற்றும் யோசனை புதிதல்ல. 1858இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற ராணுவ அதிகாரி, வாளுறையைத் தாங்கத் தோளில் ஒரு குறுக்குப் பட்டை சேர்த்துக்கொண்டார். அவர் பெயரில்தான் அந்த பெல்ட் இன்னும் இருக்கிறது. வார் வாங்கினால், யாராவது பிடித்து இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் ரகமாகப் பாருங்கள். உடுப்பாக இருந்தால் வாக்கிடாக்கி, மேகசின், கைவிலங்கை அதற்கு ஏற்றிவிட்டு, துப்பாக்கியை இடுப்பிலேயே விடுங்கள்.

பெண் அதிகாரி ஒருவர் எழுதியது என் மண்டையில் உறைத்தது. நான் சொன்னபடி அளந்து வாங்கியும் உறையின் அடிப்பக்கம் தொடையில் முட்டி, துப்பாக்கியின் பிடி விலாவுக்குள் சாய்கிறதாம். இடுப்பெலும்பு அகன்றிருந்தால் நேர்ப்பட்டையாக வெட்டிய பெல்ட் இப்படித்தான் செய்யும். வளைவாக வெட்டிய பெல்ட் தனியாகக் கிடைக்கிறது. அதோடு உறையைக் கொஞ்சம் இறக்கி, வெளியே தள்ளிப் பிடிக்கும் இணைப்பையும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். இணைப்பை மட்டும் மாற்றினாராம், அதிலேயே பிடி விலாவை விட்டு விலகிவிட்டது, பெல்ட்டுக்குச் செலவழிக்கவில்லை என்று பதில் வந்தது. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்: முதலில் இணைப்பு, அதில் சரியாகாவிட்டால் பெல்ட்.