ஸ்கியை முதுகில் தூக்கும் பை: சென்னையிலேயே சோதித்து வாங்குவது எப்படி?

காஷ்மீரில் குல்மார்க் கோண்டோலா எனும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். ரோந்துப் பணியாளர்கள் பார்த்துக்கொள்ளும் பகுதியைத் தாண்டி, அபர்வத் முகட்டை ஒட்டிய சரிவுகளுக்குப் போக நினைப்பவர்கள் அங்கிருந்து பூட் காலோடு ஏற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கி, அதாவது பனிச்சறுக்குப் பலகை, முதுகில்தான் இருக்கும். ஸ்கியும் பூட்டும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பையை மட்டும் ஊரிலிருந்தே, உங்கள் முதுகுக்குப் பொருந்திய ஒன்றாகக் கொண்டுபோங்கள்.

சென்னைக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் டிரெக்கிங் பைகள். பக்கவாட்டில் பட்டை இருக்கிறதே, அதில் ஸ்கியைச் செருகிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பட்டை கூடாரக் கம்பிக்காகவும் கைத்தடிக்காகவும் தைத்தது. ஸ்கியின் இரண்டு ஓரங்களிலும் தீட்டிய இரும்பு விளிம்பு ஓடுகிறது. நடக்க நடக்க அது வெறும் நைலான் பட்டையை அறுக்கும், துணியையும் கிழிக்கும். ஸ்கி பையில் விளிம்பு உரசும் இடமெல்லாம் ரப்பர் பூசிய தடித்த துணியோ பிளாஸ்டிக் உறையோ வைத்துத் தைத்திருப்பார்கள். பையைக் கையில் வாங்கியதும் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது இந்த இடங்களைத்தான். இணையத்தில் வாங்குவதென்றால், கீழ் வளையத்தை நெருக்கத்தில் காட்டும் படம் இல்லாத பையைத் தவிர்த்துவிடுங்கள்.

கொள்ளளவு பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஒருநாள் பயணத்துக்கு 30 முதல் 35 லிட்டர். இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், மாற்றுக் கையுறை, ஏறும்போது ஸ்கியின் அடியில் ஒட்டும் ஸ்கின் ஜோடி, ஒரு லிட்டர் பிளாஸ்க், சாப்பாடு, முதலுதவிப் பொருட்கள், ஹெட்லாம்ப், ஷவல் (பனி தோண்டும் மண்வெட்டி), புரோப் (பனியில் புதைந்தவரைக் குத்தித் தேடும் மடிப்புக் கம்பி) எல்லாம் அதற்குள் அடங்கும். 25 லிட்டருக்குக் கீழே போனால் ஜாக்கெட்டை வெளியே கட்ட வேண்டிவரும், அது பனியில் நனையும். 45 லிட்டர் பையைப் பாதி காலியாகத் தூக்கினால், மேலே கட்டிய ஸ்கி ஒவ்வோர் அடிக்கும் ஆடும். காலிப் பையின் எடை 1.1 முதல் 1.5 கிலோவுக்குள் இருந்தால் போதும். அதைவிட இலேசான பைகள் பந்தயக்காரர்களுக்கானவை. அவற்றின் இடுப்புப் பட்டை மெலிசாக இருக்கும், ஸ்கியின் எடை முழுக்கத் தோளில் இறங்கும்.

ஸ்கியைக் கட்ட இரண்டு முறைகள் உண்டு. இரண்டையும் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

குறுக்காகக் கட்டும் முறையில் இரண்டு ஸ்கியையும் அடிப்பக்கம் அடிப்பக்கத்தைத் தொடும்படி சேர்த்து, நடுவில் ஒரு ரப்பர் ஸ்ட்ராப்பால் இறுக்க வேண்டும். பிறகு வால் பக்கத்தை, அதாவது ஸ்கியின் பின்முனையை, பையின் கீழ் மூலையிலுள்ள வளையத்தில் நுழைத்து, குதிகால் பைண்டிங் (பூட்டின் குதிகாலை ஸ்கியோடு பிடித்துவைக்கும் பாகம்) வளையத்தில் உட்காரும்வரை இறக்க வேண்டும். மேல்பகுதியை எதிர்த்தோள் பக்கமுள்ள பட்டையால் இழுத்துக் கட்டினால் முடிந்தது. ஒரு நிமிடத்துக்குள் மாட்டலாம், கழற்றலாம். அடிக்கடி ஏறி இறங்கும் மலைமுகட்டுக்கு இதுதான் வசதி. குறைகளும் உண்டு. எடை ஒரு பக்கமாகச் சாயும். உயரம் குறைந்தவர் நீளமான ஸ்கியைத் தூக்கினால் வால் கெண்டைக்காலில் இடிக்கும். மரங்களுக்கிடையே போகும்போது முனை கிளையில் மாட்டும்.

இன்னொரு முறையில் பையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு ஸ்கியாக மாட்டி, முனைகள் இரண்டையும் தலைக்கு மேல் சேர்த்து ரப்பர் ஸ்ட்ராப்பால் கட்டிவிடுவார்கள். கூரை போல் நிற்கும். எடை இரு பக்கமும் சமமாக இருப்பதால் நீண்ட ஏற்றத்துக்கு இது சுகம். ஆனால் மாட்ட நேரமாகும், பக்கவாட்டுப் பைகளை அடைத்துவிடும், குறுகிய பாறை இடுக்கில் அகலம் தடுக்கும். ஏர்பேக் (பனிச்சரிவில் விரியும் பலூன்) உள்ள பல பைகளில் இந்த முறையே கூடாது, பலூன் விரிய ஸ்கி தடையாக நிற்கும். இரண்டு முறைக்கும் வசதியுள்ள பை கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் குறுக்குமுறைப் பையை எடுங்கள்.

குறுக்குமுறைக்கான கீழ் வளையத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். குல்மார்க்கின் ஆழப் பனிக்கு வாடகையில் கிடைக்கும் ஸ்கி அகலமானது. இடைப்பகுதியில் 100 மில்லிமீட்டர் என்றால் வால் 120 மில்லிமீட்டரைத் தொடும். இரண்டையும் சேர்த்து நுழைக்க, வளையத்தின் சுற்றளவு குறைந்தது 35 சென்டிமீட்டர் வேண்டும். வளையத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மெல்லிய எலாஸ்டிக் கயிற்றால் மட்டும் ஆன வளையத்தை நம்ப வேண்டாம், எடை முழுவதும் தொங்குவது அதில்தான்.

சென்னையில் ஸ்கிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு மரக்கடையில் விடை இருக்கிறது. பைன் மரப் பலகை இரண்டு வாங்குங்கள்: 170 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் தடிமன். ஒன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும், இலேசான ஸ்கியின் எடைக்கு அது சரி. ஒவ்வொரு பலகையிலும் ஒரு முனையிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு சிறு மரக்கட்டையை ஆணியடித்துவிடுங்கள். குதிகால் பைண்டிங் வளையத்தில் உட்காரும் இடம் அதுதான். பலகையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் புதுப்பை கீறாது.

பைக்குள் ஆறு கிலோ ஏற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை அப்படியே போட்டால் அடியில் தேங்கும். துண்டில் சுற்றி முதுகுக்கு நெருக்கமாக, நடு உயரத்தில் வையுங்கள். பலகைகளைக் குறுக்காக மாட்டி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, பிறகு தோள்பட்டையை இழுத்துக்கொண்டு அடுக்குமாடிப் படியில் மூன்று நான்கு மாடி ஏறி இறங்குங்கள். பரங்கிமலைப் படிகள் பக்கத்தில் இருந்தால் அதிகாலையில் அங்கே போகலாம். ஏறும்போது பலகை பக்கவாட்டில் ஆடினால் மேல்பட்டை மிகத் தாழ்வாகத் தைக்கப்பட்டிருக்கிறது. இறங்கும்போது வால் படி விளிம்பில் தட்டினால், உங்கள் உயரத்துக்குக் கீழ் வளையம் தாழ்வு. தோள் மட்டும் வலித்தால் பையின் முதுகு நீளம் உங்களுக்குச் சேரவில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம்வரை டேப்பால் அளந்து, அந்த அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் குட்டை முதுகு அளவு தனியாக வருகிறது.

அடுத்த சோதனை கையுறையோடு. பைக் ஓட்டும் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, எல்லா பக்கிளையும் பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். சின்ன பிளாஸ்டிக் பக்கிள்களின் பற்களுக்கிடையே மலையில் பனி இறுகிக்கொள்ளும். விரலால் அழுத்தியும் பூட்டாது. உலோகக் கொக்கி வைத்த பட்டை இந்த விஷயத்தில் நிம்மதி. ஜிப்பின் இழுப்பானில் விரல் நுழையும் அளவு கயிறு வளையம் இல்லாவிட்டால் பாரிமுனையில் மெல்லிய நைலான் கயிறு வாங்கி நீங்களே முடிந்துகொள்ளுங்கள்.

ஷவலும் புரோப்பும் வைக்கும் அறை தனியாக, முன்பக்கத்தில், ஒரே ஜிப்பில் முழுதாகத் திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு மூச்சடைப்பால் அந்த வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஜாக்கெட்டையும் டிபன் டப்பாவையும் பனியில் கொட்டி ஷவலைத் தேட அங்கே நேரமில்லை. 2023 பிப்ரவரியில் அபர்வத்திலேயே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டு ஸ்கி வீரர்கள் இருவர் இறந்திருக்கிறார்கள். புரோப் மடித்த நிலையில் 40 சென்டிமீட்டரைத் தாண்டும், ஷவல் தகடு 25 சென்டிமீட்டர் அகலம் வரும். அதே அளவில் அட்டை வெட்டி அறைக்குள் நுழைத்துப் பாருங்கள். ஸ்கி கட்டியிருக்கும்போதும் அந்த ஜிப் திறக்கிறதா என்று பாருங்கள். குறுக்காகக் கட்டினால் பெரும்பாலும் திறக்காது. அதனால் ஸ்கியைக் கழற்ற எத்தனை விநாடி ஆகிறது என்பதும் கணக்கில் சேரும். மீதிச் சாமானுக்கு முதுகுப் பக்கம் திறக்கும் ஜிப் உள்ள பை சிறந்தது: ஸ்கியை அவிழ்க்காமலே ஜாக்கெட்டை எடுக்கலாம், பையைக் கீழே வைக்கும்போது முதுகுத்துணியும் பனியில் படாது.

பீக்கன், அதாவது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி, பைக்குள் போகவே கூடாது. அது உடம்போடு, ஜாக்கெட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். பை கழன்று போனால் உங்களைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். பீக்கன் சிக்னல் அனுப்பும்போது கைபேசி, காந்தம் எல்லாம் 20 சென்டிமீட்டர் தள்ளியும், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். ஆகவே நெஞ்சுப் பட்டையில் காந்தப் பூட்டு உள்ள பையை எடுக்காதீர்கள். உறிஞ்சுகுழாய் உள்ள தண்ணீர்ப் பையும் வீண்செலவு, மைனஸ் 10 டிகிரியில் குழாய் உறைந்துவிடும்.

ஏர்பேக் பை வாங்கலாமா? பனிச்சரிவில் மேலே மிதக்க உதவும், உண்மைதான். ஆனால் பையின் எடை 2 கிலோவைத் தாண்டும், விலையும் பல மடங்கு. காற்றுச் சிலிண்டரோடு விமானம் ஏற விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும். சென்னையிலிருந்து டெல்லியில் மாறிப் போகிறவர்கள் எழுத்துமூல அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது. முதல் பயணத்துக்குச் சாதாரணப் பையே போதும். மிச்சமாகும் பணத்தைப் பனிச்சரிவுப் பயிற்சிக்கும் உள்ளூர் வழிகாட்டிக்கும் செலவழியுங்கள். ஷவலும் புரோப்பும் செக்இன் லக்கேஜில் போகட்டும்.

திரும்பி வந்ததும் பையைக் கவனிக்காமல் விட்டால் சென்னையின் புழுக்கம் அதைத் தின்றுவிடும். துணியின் உட்பக்கப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு உரியத் தொடங்கும். கவரில் கட்டிப் பரணில் போட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெந்நீரும் சோப்புத்தூளும் வேண்டாம். வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, எல்லா ஜிப்பையும் திறந்த நிலையில் காற்றோட்டமான அறையில் மாட்டிவையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் உலோகக் கொக்கியில் உப்பு படியும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தியை ஒருதரம் தேய்த்துவிடுங்கள்.