முதல் ஆக்குபேஷனல் தெரபி சந்திப்பு: போவதற்கு முன் என்னென்ன தயார்செய்ய வேண்டும்?

சட்டை போடுவது, சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைக் குழந்தை தானாகச் செய்ய உதவும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. முதல் சந்திப்பு பெரும்பாலும் சிகிச்சை அல்ல, மதிப்பீடு. முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். குழந்தை பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நிற்கிறது, சத்தத்துக்கும் தொடுதலுக்கும் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதையெல்லாம் தெரபிஸ்ட் நேரிலேயே பார்த்துக்கொள்வார். காலையில் சட்டை போட எத்தனை நிமிடம் ஆகிறது, பல் துலக்கும்போது எந்த இடத்தில் அழுகை தொடங்குகிறது என்பது அந்த அறையில் தெரியாது. அதைக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. பரீட்சைக்குப் பழக்குவதுபோல் இரண்டு வாரம் கத்தரிக்கோலும் பென்சிலும் பழக்கி அழைத்துப்போகாதீர்கள். பழக்கிய ஒன்றிரண்டு வேலைகளில் மதிப்பெண் கூடும், உண்மையான சிரமம் மறைந்துபோகும்.

ஒரு வாரக் குறிப்பு

குறைந்தது ஏழு நாளுக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன வேலை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, எப்படி முடிந்தது, எவ்வளவு நேரம் ஆனது. கூடவே எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்றும் எழுதுங்கள்: தானாகச் செய்ததா, வாயால் சொன்னதும் செய்ததா, செய்து காட்டவேண்டி இருந்ததா, கையைப் பிடித்துச் செய்யவைத்தீர்களா, முழுக்க நீங்களே செய்தீர்களா. தெரபிஸ்டுக்கு இந்த ஐந்து படிகள் மிக முக்கியம். பல மாதம் கழித்து முன்னேற்றத்தை அளப்பதும் இவற்றை வைத்துத்தான்.

“சாப்பாட்டில் ரொம்பத் தொந்தரவு” என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. “ஸ்பூனை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கிறான், ஐந்து வாய்க்குப் பிறகு கீழே வைத்துவிடுகிறான், மீதியை ஊட்டுகிறோம்” என்றால் பிடியா, களைப்பா, உணவின் பதமா என்று யோசிக்க வழி கிடைக்கும். நன்றாகப் போன நாட்களையும் விடாமல் எழுதுங்கள். எது உதவுகிறது என்பது அங்கேதான் இருக்கும்.

இதோடு மூன்று நான்கு வீடியோக்கள். ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். எழுதுவதை எடுத்தால் கை மட்டுமல்லாமல் தோள், முதுகு, பாதம் தரையில் ஊன்றியிருக்கிறதா என்பது வரை தெரியட்டும். படி ஏறுவதை முன்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை எடுக்கலாம். “இன்னொரு தடவை செய்” என்று கேட்டு எடுத்த வீடியோவில் இயல்பு இருக்காது. அழுது புரளும் நேரத்தில் குழந்தையைத் தேற்றுவது முதல் வேலை. போன் கைக்கு எட்டினால் பார்க்கலாம்.

காகிதங்கள்

பிறந்தது எத்தனையாவது வாரத்தில், பிறப்பு எடை, தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, பேசியது எந்த மாதத்தில், அறுவை சிகிச்சை, வலிப்பு, ஒவ்வாமை, இப்போது கொடுக்கும் மருந்துகள், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் இரண்டு வயது வரை வயதைத் திருத்திக் கணக்கிடுவது வழக்கம். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பத்து மாதக் குழந்தையை எட்டு மாதக் குழந்தையாகவே பார்ப்பார்கள்.

கண், காது பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கை கட்டாயம் வேண்டும். நடக்கவில்லை என்றால் முன்பே செய்துவிடுவது நல்லது. கோட்டுக்கு வெளியே வண்ணம் தீட்டுவது கைப் பிரச்சினையாக இல்லாமல் பார்வைப் பிரச்சினையாகவும் இருக்கலாம். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி அறிக்கைகள் இருந்தால் அவையும்.

பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு, எழுதி முடித்த பழைய நோட்டு ஒன்று போதும். புதிதாக அழகாக எழுதவைத்த தாள் வேண்டாம். ஒரே பக்கத்தில் முதல் வரியும் கடைசி வரியும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதே கை எவ்வளவு சீக்கிரம் களைக்கிறது என்று காட்டிவிடும்.

பல இடங்களில் முன்கூட்டியே கேள்வித்தாள் அனுப்புவார்கள். “எப்போதும், அடிக்கடி, சில சமயம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை” என்கிற மாதிரித் தேர்வுகள் இருக்கும். காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அவசரமாக நிரப்பினால் எல்லாம் “சில சமயம்” ஆகிவிடும். அம்மாவும் அப்பாவும் வேறு வேறு பதில் சொன்னால் சண்டை வேண்டாம், இரண்டையும் ஓரத்தில் எழுதுங்கள். ஆசிரியர் நிரப்பவேண்டிய தாளை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

எதற்காகப் போகிறீர்கள் என்பதை மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள். “கையெழுத்து நன்றாக வரவேண்டும்” என்பது ஆசை. “பலகையில் இருக்கும் ஐந்து வரியை வகுப்பு முடிவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்” என்பது இலக்கு. பத்து இலக்கோடு போனால் முதல் சில மாதங்களில் எதுவும் நகராது.

அன்றைய நாள்

குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் சந்திப்பு வைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி இருந்தால் தள்ளிப்போடுங்கள். சாப்பிட்டு, கழிப்பறை போய்விட்டு வரட்டும். சாப்பிடுவதில் சிரமம் என்று போகிறீர்களானால் மட்டும் கொஞ்சம் பசியோடு போங்கள். பிடித்த உணவு, பிடிக்காத உணவு, இரண்டுக்கும் நடுவிலானது என்று மூன்றும், வீட்டில் பயன்படுத்தும் ஸ்பூன், டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை வழக்கம்போல் கொடுங்கள். கவனத்துக்கான மருந்து எடுக்கும் குழந்தைக்கு அன்று கொடுப்பதா வேண்டாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

உடை தளர்வாக, ஏறி இறங்க வசதியாக இருக்கட்டும். புது ஷூ வேண்டாம். தினமும் போட்டுத் தேய்ந்த ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்தே நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். கண்ணாடி, காதுக்கருவி, ஸ்பிளிண்ட் (கை, காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) எது பயன்படுத்தினாலும் கையோடு வேண்டும்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: “அங்கே ஒருவர் உன்னோடு விளையாடுவார், சில வேலை செய்யச் சொல்வார், ஊசி கிடையாது. முடிந்ததும் வீட்டுக்கு வருவோம்.” சின்னக் குழந்தைக்கு அன்று காலை சொன்னால் போதும், பெரிய குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பு. “நல்லா செய்தால்தான் பொம்மை” என்று பேரம் பேசவேண்டாம்.

அறைக்குள் மிகக் கடினமான வேலை ஒன்றுண்டு: சும்மா இருப்பது. குழந்தை தடுமாறும்போது “அந்தப் பக்கம் வை” என்று நீங்கள் சொன்னால் அந்தக் கேள்வியின் மதிப்பெண் செல்லாமல் போகலாம். பல சோதனைகள் எளிதில் தொடங்கி, தொடர்ந்து சில கேள்விகள் தவறும்வரை போகும்படி அமைந்தவை. அதனால் கடைசியில் எந்தக் குழந்தையும் தோற்கத்தான் செய்யும். அதைப் பார்த்துக் கலங்கவேண்டாம். தெரபிஸ்ட் பாராட்டாமலோ திருத்தாமலோ இருப்பதும் சோதனை விதிக்காகத்தான்.

குழந்தையின் குறைகளை அதன் காதுபடச் சொல்லாதீர்கள். எழுதிய பக்கத்தை நீட்டுங்கள், அல்லது தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள்.

மேசைக்கடியில் போய் உட்கார்ந்து குழந்தை வெளியே வரவே இல்லையா? நேரம் வீணாகவில்லை, எதைக் கண்டு ஒளிந்தது, எப்போது எட்டிப் பார்த்தது என்பதும் தகவல்தான். வீட்டிலும் இப்படித்தானா, இங்கே மட்டுமா என்று தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் மீதியை முடிக்கமுடியுமா என்றும் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் கேட்கவேண்டியவை: வீட்டில் இந்த வாரம் செய்ய ஒன்றிரண்டு வேலை எது, வாரத்துக்கு எத்தனை முறை வரவேண்டும், மறுமதிப்பீடு எப்போது, எழுத்து அறிக்கை எந்தத் தேதியில் கிடைக்கும். பல சோதனைகளில் சராசரி 100, 85 முதல் 115 வரை பரவலாகக் காணும் எல்லை. ஆனால் எல்லாச் சோதனைக்கும் ஒரே அளவு இல்லை, ஆகவே எண்ணைப் பார்த்ததும் பயப்படாமல் எந்த அளவுகோல் என்று கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பிறந்த தேதியைச் சரிபாருங்கள். மதிப்பெண் அட்டவணை வயதை மாதக் கணக்கில் பிரித்து வைத்திருக்கும். தேதி பிசகினால் வேறு வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்ட எண்கள்தான் உங்கள் கையில் இருக்கும்.