பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஃபயர்: சென்சார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் குலுங்குகிறது, பிக்கப் வரவில்லை, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஏற்றம் முடிந்து சமதளத்துக்கு வந்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் புகார் இது. பெரும்பாலும் இது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. வழக்கமாக நடக்கும் வைத்தியம் என்னவென்றால், ஸ்கேனர் போட்டுத் திரையில் எந்த சென்சாரின் பெயர் வருகிறதோ அதை மாற்றுவது. ஆயிரக்கணக்கில் செலவாகும், சில நாளில் விளக்கு மறுபடி எரியும். எரர் கோடு எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அளவு எல்லை மீறியது என்று மட்டும்தான் சொல்கிறது. பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிப்பதே ஒரு துப்பு. லோடு கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தரும் காயில் பலவீனமாகவோ பிளக் முனையின் இடைவெளி தேய்ந்து அகலமாகவோ இருந்தால் பொறி அங்கேதான் தவறும். இதற்கு மாறாக ஐடிலிங்கில் மட்டும் நடுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்திருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வந்தால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது), ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங்) பக்கம் பார்க்க வேண்டும்.

விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும், அதை மாற்றுவது காரின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று. உடனே ஓரங்கட்ட வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நின்று, அருகிலுள்ள ஊர் வரை எப்படியும் போயாக வேண்டும் என்றால், மிஸ் அடிக்கும் சிலிண்டரின் இன்ஜெக்டர் கப்ளரை (ஒயர் இணைப்பை) கழற்றிவிட்டு மெதுவாகப் போங்கள். காயில் கப்ளரைக் கழற்றாதீர்கள். காயிலைக் கழற்றினால் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் (ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் அடாப்டரும் செல்போன் ஆப்பும் போதும்), டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளக் சாக்கெட், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், நல்ல டார்ச்.

முதலில் கோடுகளை எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். கோடு விழுந்த நொடியில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில், எத்தனை டிகிரி சூட்டில் இருந்தது என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ ஃப்ரீஸ் ஃப்ரேமாகச் சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பி0301 முதல் பி0304 வரை அந்தந்த எண்ணுள்ள சிலிண்டரில் மிஸ்ஃபயர். பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கம்தான் 1. பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. அப்போது தனி காயிலைத் தேடுவதில் பயனில்லை. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு, டைமிங், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் வரும் சிறு தடுமாற்றத்தை வைத்துத்தான் ஈசியூ மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே குவாரிப் பாதை போன்ற கரடுமுரடான மண் சாலையில் மட்டும் ஒருமுறை விழுந்த பி0300 கோடை உடனே நம்ப வேண்டாம்.

இரண்டு மூன்று சென்சார் கோடுகள் ஒரே நாளில் சேர்ந்து வந்திருந்தால் மூன்று சென்சாரும் ஒன்றாகக் கெடவில்லை. அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் ஒயரோ எர்த்தோ போயிருக்கிறது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரின் சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கிலும் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். பழைய காரில் இந்த ஒரு வேலையே பாதிக் கோடுகளை அழித்துவிடுவதுண்டு.

அடுத்தது, காசு செலவில்லாமல் தெளிவான பதில் தரும் இடமாற்றச் சோதனை. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்துவிட்டு 2ஆம் சிலிண்டர் காயிலை 3க்கும், 3இன் காயிலை 2க்கும் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் கெட்டது. மறுபடி பி0302 என்றே வந்தால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம், 2ஆம் சிலிண்டர் பிளக்கை 4க்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் பதில் கிடைக்காது. சோதனை ஓட்டத்துக்கு வேகம் தேவையில்லை, லோடுதான் தேவை. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் பாதை போதும், கூட ஒருவர் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்க்கட்டும்.

பிளக்கைக் கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழாக ஓடினால், பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாக எஞ்சின் ஹெட்டுக்குக் கசிகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவர் பேக்கிங்கும் பிளக் டியூப் சீலும் காய்ந்து வெடித்திருக்கின்றன. சீல் போடாமல் புது காயில் போட்டால் அதுவும் ஆயிலில் ஊறிக் கெடும். முனை கறுத்து வறண்ட கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, ஆயில் பூசியது போல இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். ஒரு பிளக் மட்டும் நீராவியில் கழுவியது போலச் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறதா என்று பாருங்கள். பிளக் இடைவெளி காருக்குக் காரு மாறும், பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மி.மீ. வரை. கையேட்டில் உள்ளதையே வையுங்கள். கேஸ் எரிய அதிக வோல்டேஜ் கேட்கும். ஆகவே சிஎன்ஜி, எல்பிஜி போட்ட காரில் தேய்ந்த பிளக் பெட்ரோலில் சரியாக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் மிஸ் அடிக்கும். சாதாரண நிக்கல் பிளக்குக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர்தான் ஆயுள். மாட்டும்போது கையால் இரண்டு மூன்று சுற்று திருகிய பிறகே ஸ்பேனர் வைக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் திருத்துவது பெரிய வேலை.

காயிலும் பிளக்கும் சரி என்றால் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினால் டிக் டிக் என்று கேட்கும். ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால் கப்ளரைக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் அளங்கள். சாதாரண எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒன்று வீதம் உள்ள வகை) இன்ஜெக்டருக்கு 12 முதல் 16 ஓம் வரை வர வேண்டும், நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஓம் சரியாக இருந்தும் மிஸ் அடித்தால் நாலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் தெளிப்பைப் பாருங்கள்.

இனி கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, காயில் கப்ளர்களையும் ஃப்யூவல் பம்ப் ஃப்யூசையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி கேஜ் முள் ஐந்தாறு முறை ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். நல்ல எஞ்சின் பெரும்பாலும் 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். மொத்த எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம், அதிகமானதற்கும் குறைவானதற்கும் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நீண்ட நாள் கேஸில் ஓடிய காரில் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் சிறு இடைவெளி) இறுகி, வால்வு முழுதாக மூடாமல் கருகுவது அதிகம். அதனால் டேப்பட் அட்ஜஸ்ட் செய்யும் வகை எஞ்சினில் ஹெட்டை இறக்கும் முன் அதைச் சரிபாருங்கள்.

சென்சார்களுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மேப் சென்சாரை (இன்டேக்கில் உள்ள காற்றழுத்தத்தை அளப்பது) சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் லைவ் டேட்டாவைப் பார்த்தால், அது அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 95, 96 வரும். 900 மீட்டரை நெருங்கும் ஓசூரில் 91. சென்னையில் 101 காட்டிய கார் ஓசூரில் 91 காட்டினால் அது பழுதல்ல. ஓசூரில் 101 காட்டினால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஷன் கேஜும் இதே விகிதத்தில் ஓசூரில் பத்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும், இதைக் கணக்கில் எடுக்காமல் எஞ்சினைப் பிரித்துவிட வேண்டாம். ஐடிலிங்கில் ஏசி போடாமல் மேப் அளவு 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை நின்றால் நல்லது. 50ஐத் தாண்டினால் காற்றுக் கசிவு, டைமிங் மாறியது, வால்வு பழுது என்ற மூன்றில் ஒன்று இருக்கும்.

கூலன்ட் சென்சாருக்கு இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் சாவி போட்டுப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் சில டிகிரி வித்தியாசத்தில் ஒத்துப்போக வேண்டும். மைனஸ் 40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் 50ஐத் தாண்டாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் குளிர்ச்சியாக இருப்பதாக நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும், பிளக் கரி பிடிக்கும்.

அதிகம் வீணாக மாற்றப்படுவது ஆக்ஸிஜன் சென்சார்தான். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதில் போன ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜன் அதிகம் என்று சொல்லும். ஈசியூ அதைப் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு பி0171 போடும். சென்சார் சொன்னது உண்மை, பழுது பிளக்கில். ஆகவே மிஸ்ஃபயர் கோடும் பி0171உம் சேர்ந்து வந்தால் மிஸ்ஃபயரை முதலில் தீருங்கள். பி0135 போல அந்தச் சென்சாரின் ஹீட்டர் கோடு வந்தால் மட்டும் ஃப்யூசையும் ஹீட்டர் ஒயரையும் சோதித்துவிட்டுச் சென்சாரை மாற்றலாம். சாதாரண வகை முன் சென்சார் சூடான எஞ்சினில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க வேண்டும். மந்தமாக அசைந்தால் வயதாகிவிட்டது.

மிஸ்ஃபயர் இல்லாமல் பி0171 மட்டும் வந்தால் ஃப்யூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) வழிகாட்டும். ஐடிலிங்கில் லாங் டெர்ம் ட்ரிம் +20 இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் +5க்கு இறங்கினால் காற்றுக் கசிவு: வேக்குவம் ஹோஸ், பிசிவி வால்வு ஹோஸ், இன்டேக் பேக்கிங், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாவற்றையும் கையால் வளைத்து விரிசல் தேடுங்கள். ஐடிலிங்கில் சரியாக இருந்து ஏற்றத்தில் கூடினால் பெட்ரோல் பிரஷர் போதவில்லை. பெரும்பாலான எம்பிஎஃப்ஐ கார்களில் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் சரியாகக் காட்டி லோடில் இறங்கினால் பம்போ ஃபில்டரோதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், அதற்கு முன் வந்த கார்கள் ட்ரிம்மைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். +4, +5 ஒரு நோயல்ல.

சூடானதும் ஓடிக்கொண்டே அணைந்து, அரைமணி நேரம் ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். அணைந்த உடனே ஸ்கேனரைச் செருகிச் செல்ஃப் அடியுங்கள், ஆர்பிஎம் 200 சொச்சம் காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றியும் பூஜ்யம் காட்டினால் சென்சார் அல்லது அதன் ஒயர். பி0016 வந்தால் இது வேறு: வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை, அதிகம் ஓடிய காரில் இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கும். ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றிய எஞ்சினில் இது சீக்கிரம் வரும். ஸ்டார்ட் செய்யும்போது செயின் பக்கம் இரண்டு நொடி கடகடவென்று சத்தம் கேட்டால் சென்சாருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த சென்சாரையும் மாற்றும் முன் அதன் கப்ளரைக் கழற்றி, சாவி போட்டு, மூன்று ஒயர் உள்ளதானால் ஒன்றில் 5 வோல்ட்டும் (சில கேம், கிராங்க் சென்சார்களில் 12) இன்னொன்றில் எர்த்தும் வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தோட்டத்திலும் மாந்தோப்பிலும் நிறுத்தும் கார்களில் எலியும் அணிலும் ஒயரின் உறையைக் கடித்து வைப்பது மிகச் சாதாரணம். வெளியே டேப் சுற்றியது அப்படியே இருக்க, உள்ளே செம்பு பச்சை பிடித்து அறுந்திருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கப்ளர்களையும் ஒயர் கட்டுகளையும் ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள். எஞ்சின் தடுமாறும் இடம்தான் பழுது. கிரானைட் தூசி அதிகமுள்ள பர்கூர், சூளகிரி பக்கம் ஓடும் காரில் ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றி, த்ராட்டில் பாடியையும் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, குளிர்ந்த எஞ்சினிலிருந்து தொடங்கி ஐடிலிங், சமதளம், ஏற்றம் மூன்றிலும் ஓட்டுங்கள். விளக்கு எரியாததை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கேனரில் பெண்டிங் கோடு (விளக்கை இன்னும் எரிய வைக்காமல் காத்திருக்கும் கோடு) இல்லாமலும் லாங் டெர்ம் ட்ரிம் பத்துக்குள்ளும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாகியும் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐ தாண்டினால் பழைய மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரை அடைத்துவிட்டது.